ஆலோசனைக்குச் செல்லும் பணமும் ஆலோசனை சென்றடையாத மக்களும்

டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கும் யாத்திரைக் காலத்தில் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் நல்லதண்ணிக்கு வந்து சேர்கின்றனர். பௌத்தர்கள் ஸ்ரீ பாதம் என்றும், இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் சிகரத்துக்கு இங்கிருந்தே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் செல்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா தரிசித்துச் சென்ற மலை அது. யாத்திரைக் காலம் முடிந்து தற்காலிகக் கடைகள் அகற்றப்பட்ட பின்னர் அங்கு எஞ்சியிருப்பவர்கள், சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயன்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தொழிலாளர் குடும்பங்களே.

மழை வலுக்கும் ஒவ்வொரு தடவையும் இக்குடும்பங்களின் முன்னால் எழும் கேள்வி ஒன்றே: இந்தச் சரிவில் தொடர்ந்து இருக்கலாமா, இல்லையா? 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த டித்வா புயலுக்குப் பின்னர், நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் வாழும் எவரும் இக்கேள்வியைத் தவிர்த்துவிட முடியாது. அதற்கு விடையளிப்பது நிபுணர்களின் பணி. மண்ணைச் சோதிப்பதற்கும், அபாய வலயங்களை வரைவதற்கும், மாற்றுக் காணிகளை அடையாளம் காண்பதற்கும், வீடுகளையும் பாதைகளையும் வடிவமைப்பதற்கும் அறிவு தேவை. அந்த அறிவின் ஒரு பகுதியை அரசாங்க நிறுவனங்கள் வெளியிலிருந்தே விலைகொடுத்து வாங்கவுள்ளன. எனவே, வெளி ஆலோசகர்களை அரசு எவ்வாறு தெரிவு செய்கிறது, யார் அவர்களைக் கண்காணிக்கிறார்கள், அவர்கள் எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளுக்கு என்ன நேர்கிறது என்ற வினாக்கள் இன்று மலையக மக்களின் உயிரோடு தொடர்புடைய வினாக்களாகியுள்ளன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். அரசாங்கம் வெளியாரின் ஆலோசனையைப் பெறுவது தன்னளவில் தவறான காரியமன்று. 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது, கடன் மறுசீரமைப்புக்கான நிதி ஆலோசகராக லசார்ட் நிறுவனமும் சட்ட ஆலோசகராக கிளிபர்ட் சான்ஸ் நிறுவனமும் நியமிக்கப்பட்டன. கடன் கொடுத்தவர்கள் உலகின் மிகச் சிறந்த சட்டத்தரணிகளையும் நிதி வல்லுநர்களையும் அமர்த்திக்கொண்டு மேசையின் மறுபுறத்தில் உட்கார்ந்திருக்கையில், அத்தகைய பேச்சுவார்த்தையில் முன்னனுபவம் இல்லாத நாடொன்று தனித்துச் சென்று பேசியிருக்க முடியாது. தன்னிடம் இல்லாத திறமையை, தேவையான காலத்துக்கு, தெளிவான பணிக்காகப் பெற்றுக்கொள்வது அறிவுடைமையே ஆகும். ஆனால் எல்லா ஆலோசனை ஒப்பந்தங்களும் இவ்வாறு அமைவதில்லை என்பதே கடந்த கால அனுபவம்.

2014ஆம் ஆண்டில் நடந்ததை நினைவுகூர்வோம். அமெரிக்காவில் இலங்கையின் நற்பெயரை உயர்த்துவதற்கென இமாட் சுபேரி என்பவருக்கு ஐந்து மாத காலத்தில் 65 இலட்சம் அமெரிக்க டொலர் அனுப்பப்பட்டது. மத்திய வங்கியினூடாகச் சென்ற பணம் அது. அதில் 56 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கும் அதிகமான தொகையை அவர் தமக்கும் தமது மனைவிக்குமாகப் பயன்படுத்திக்கொண்டதாகவும், உண்மையான பணியில் ஈடுபட்ட நிறுவனங்களுக்குச் சென்றது 8 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கும் குறைவான தொகையே எனவும் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளிப்படுத்தியது. தாம் வெளிநாட்டு முகவராகச் செயற்பட்டதை மறைப்பதற்காகப் பொய்யான பதிவுகளைச் சமர்ப்பித்தமை உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு 2021 பெப்ரவரியில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025இல் அமெரிக்க ஜனாதிபதி அத்தண்டனையைக் குறைத்தார்.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது அவருடைய தண்டனையின் அளவையல்ல. இலங்கை மக்களின் பணம் எங்கே போயிற்று என்பதை இலங்கை மக்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தின் ஆவணங்களிலிருந்தே முழுமையாக அறிந்துகொள்ள நேர்ந்தது. பணம் போவதற்கு முன்னர் அந்த மனிதரின் தகைமையைச் சரிபார்த்தவர் யார்? முதல் தவணைக்கு என்ன வேலை நடந்தது என்று கேட்டுவிட்டு இரண்டாம் தவணையை அனுப்பியவர் யார்? தவணைகள் ஒவ்வொன்றும் செய்து முடிக்கப்பட்ட வேலையோடு பிணைக்கப்பட்டிருக்குமாயின், முதல் மாதத்திலேயே கதவு மூடப்பட்டிருக்கும்.

பணம் வீணாவது ஒருவகைக் கேடு. ஆலோசனை காலம் தாழ்த்தி வருவது இன்னொரு வகை. மலையகத்தின் மறுபுறத்தில், ஊவாவில் உமாஓயா பல்நோக்குத் திட்டத்துக்கான அடிக்கல் 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதியின் வருகையின்போது நாட்டப்பட்டது. அத்திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையோ அதற்குச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்தது. முடிவு முதலிலும் ஆராய்ச்சி பின்னரும் வந்தால் அந்த ஆராய்ச்சி எவ்வளவு சுதந்திரமானதாக இருக்க முடியும்? 2014 டிசெம்பரில் சுரங்கத்தினுள் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டு மின்சாரம் உற்பத்தியாகிறது என்பது உண்மை. ஆயினும், நிலத்தடி நீரின் போக்கைச் சரியாக முன்னுணரத் தவறியமைக்கு எந்த ஆலோசகர், எந்த அதிகாரி பொறுப்பு என்ற கேள்விக்குக் கிணற்றை இழந்த குடும்பத்தால் விடை பெற முடிந்ததா?

மூன்றாவது வகைக் கேடு எல்லாவற்றிலும் கொடியது. அதில் ஆலோசனை சரியாக இருக்கும். உரிய காலத்தில் வந்துமிருக்கும். ஆனால் எவரும் அதன்படி செயற்படமாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. விடுத்தது வெளிநாட்டு நிறுவனம் எதுவுமன்று. அரசின் சொந்த அமைப்பான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே. எச்சரிக்கப்பட்ட மக்களுக்குக் குடியேற வேறு காணியும் வீடும் வழங்கப்படாதவரை அந்த எச்சரிக்கை ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. தோட்டக் கம்பனி, பிரதேச செயலகம், அமைச்சு ஆகியவற்றில் எது அந்தக் காகிதத்தை வீடாக மாற்ற வேண்டும் என்பது எவரது கடமையாகவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இம்மூன்று அனுபவங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஆலோசகரைத் தெரிவு செய்யும் நடைமுறையைத் திருத்துவது பாதி வேலை மாத்திரமே. தேவையை நிர்ணயிப்பதிலிருந்து அறிக்கையின் மீது நடவடிக்கை எடுப்பது வரையிலான ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் குறிப்பிடக்கூடிய ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மக்களின் பார்வையில் நிறைவேற்றப்பட வேண்டும்.

ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு மலையகத்திலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நட்டத்தில் மூழ்கியபோது, 1992இல் நானூறுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் நிர்வாகம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியார் முகாமை நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சொத்து அரசுடையது, நிர்வாகத் திறமை வெளியாருடையது. தேயிலைக் கன்று நட்டுப் பயன்தரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குப் போட்ட முதலைத் திரும்பப் பெறப் பல ஆண்டுகள் ஆகும். ஐந்தாண்டுகளில் வெளியேறக்கூடிய ஒருவர் மீள்நடுகைக்கோ லயன்களைத் திருத்துவதற்கோ பணம் செலவிடுவார் என எதிர்பார்த்தது எவ்வளவு பேதைமை! 1995 முதல் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் விற்கப்பட்டு நீண்டகாலக் குத்தகைக்கு வழிவிடப்பட்டமைக்கு இக்குறைபாடும் ஒரு காரணம். நிபந்தனையை எழுதியவர்களின் பார்வை கணக்கேட்டின் கடைசி வரியில் இருந்தது. லயன்களில் வாழ்ந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தின் ஒரு சொல்லையும் பார்த்ததில்லை.

வளர்ந்த நாடுகளும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. அவுஸ்திரேலிய அரசாங்கம் 2021-22 நிதியாண்டில் ஆலோசகர்கள், ஒப்பந்தக்காரர்கள் உள்ளிட்ட வெளி ஊழியர்களுக்காக 2,080 கோடி அவுஸ்திரேலிய டொலரைச் செலவிட்டிருந்தது. ஏறத்தாழ 54,000 முழுநேர ஊழியர்களின் வேலைக்கு அது ஈடானது என அந்த அரசே பின்னர் கணக்கிட்டது. 2023இல் அங்கு வெடித்த பிடபிள்யூசி நிறுவன விவகாரம் இதனினும் பாரதூரமானது. பல்தேசியக் கம்பனிகளின் வரி ஏய்ப்பைத் தடுக்கும் சட்டத்தைத் தயாரிக்க அரசுக்கு ஆலோசனை வழங்கிய அதன் பங்காளர் ஒருவர், அந்த இரகசியத் தகவல்களைத் தமது நிறுவனத்தினுள் பகிர்ந்துகொண்டார். அவை அதே கம்பனிகளை வாடிக்கையாளர்களாகப் பிடிக்கப் பயன்பட்டன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். செனற் சபை விசாரணை நடத்தியது. இறுதியில் அந்நிறுவனம் தனது அரச ஆலோசனைப் பிரிவை ஒரேயொரு டொலருக்கு விற்றுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அங்கு நடந்த தவறைவிட, தவறு வெளிவந்தபின் பாராளுமன்றம் காட்டிய கண்டிப்பே நமக்குரிய பாடமாகும்.

இலங்கையில் விதிகள் இல்லை என்று எவரும் கூற முடியாது. ஆலோசகர்களைத் தெரிவு செய்வதற்கும் அமர்த்துவதற்குமான தனி வழிகாட்டல்கள் 2007ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டன. தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடுவது, குறைந்த செலவைப் பார்ப்பது, ஒரே நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்பது எனப் பல முறைகள் அவற்றில் விளக்கப்பட்டுள்ளன. ஒரே நிறுவனத்தை அழைப்பது விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்பதும் அவற்றின் நோக்கம். ஆனால் விதிகளைக் காக்க வேண்டிய நிறுவனத்தின் வரலாறு கவலைக்குரியது. 2015இல் 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை உருவாக்கியது. 2020இல் 20ஆவது திருத்தம் அதை ஒழித்தது. 2022இல் 21ஆவது திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது. ஏழு ஆண்டுகளில் பிறந்து, மடிந்து, மறுபடியும் பிறந்த காவலனிடம் திருடன் அஞ்சுவானா? சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆட்சிமுறை மதிப்பீட்டு அறிக்கை, அரச பெறுகைக்கெனப் பாராளுமன்றச் சட்டம் ஒன்று இயற்றப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. வழிகாட்டலை மீறுபவர் விளக்கம் சொன்னால் போதும். சட்டத்தை மீறுபவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அந்த வேறுபாடு சிறியதன்று.

அத்தகைய சட்டமும் அதன்கீழ் அமையும் விதிகளும் ஆலோசனை ஒப்பந்தங்கள் தொடர்பில் சில விடயங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. முதலாவதாக, வெளியாரை அழைப்பதற்கு முன்னர் அந்த வேலையைத் தமது அலுவலர்களோ, அரச ஆராய்ச்சி நிறுவனங்களோ, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களோ ஏன் செய்ய முடியாது என்பதை நிறுவனத் தலைவர் எழுத்தில் விளக்க வேண்டும். பல தசாப்தங்களாக மலையகத்தின் மண்ணை அறிந்த அதிகாரிகளை ஒதுக்கிவிட்டு, முதன்முறையாகக் கண்டிப் பாதையில் பயணிக்கும் ஒருவரிடம் மண்சரிவைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் இருக்கலாம். அக்காரணம் பதிவாக வேண்டும். அமைச்சர்களின் நெருங்கியவர்களுக்கும் தேர்தலில் தோற்றவர்களுக்கும் ஆலோசகர் என்ற பெயரில் வாகனமும் கொடுப்பனவும் வழங்கும் வழக்கத்துக்கும் இந்த ஒரு நிபந்தனையே பெரும் தடையாக அமையும்.

இரண்டாவதாக, ஒப்பந்தம் பெறும் நிறுவனம் அதே துறையில் வேறு யாருக்காக வேலை செய்கிறது என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். திட்டத்தை வடிவமைத்தவரே அத்திட்டத்தின் ஒப்பந்தக்காரராகவோ மேற்பார்வையாளராகவோ வருவது தடுக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, கொடுப்பனவு முடிக்கப்பட்ட வேலையைப் பொறுத்து அமைய வேண்டும். வேலையை ஏற்றுக்கொண்டு கையொப்பமிடும் அதிகாரியின் பெயர் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். அரசுக்கு ஏற்படுத்திய இழப்பை உரியவரிடமிருந்தே அறவிடுவதற்கு 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் இடமளிக்கிறது. கையொப்பம் யாருடையது என்று தெரிந்தால்தான் அந்த அதிகாரம் பயன்படும்.

கடனுதவித் திட்டங்களில் ஆலோசகரைக் கடன் கொடுக்கும் நாடே தெரிவு செய்வதால் நாம் கேள்வி கேட்க முடியாது என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. கடனைத் திருப்பிச் செலுத்துபவர்கள் நாமே. நல்லதண்ணியில் ஒரு பெட்டி தீப்பெட்டி வாங்கும் தொழிலாளியும் அதற்கான வரியைச் செலுத்துகிறார். ஆகவே எந்த நாட்டின் பணமாயினும் எமது கணக்காய்வாளர் நாயகத்தின் பார்வைக்கு அது விலக்காக முடியாது.

அனர்த்த காலத்தில் இத்தனை நடைமுறைகளும் தாமதத்தையே ஏற்படுத்தும் என்று அதிகாரிகள் கூறக்கூடும். அக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. மழையில் நிற்கும் குடும்பத்திடம் விலைமனுக் கோரும் காலத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவசர வேளையில் நேரடி நியமனத்துக்கு இடமளிக்கலாம். ஆனால் அதன் காலம் மட்டுப்படுத்தப்பட வேண்டும், குறித்த மாதங்களுக்குள் கணக்காய்வு நடத்தப்பட வேண்டும். சுனாமிக்குப் பின்னர் 2005ஆம் ஆண்டில் கிழக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் கண்ட காட்சிகளை மறக்கலாகாது. அளப்பதற்கும் படிவங்களை நிரப்புவதற்கும் எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லோருக்கும் வீடு வரவில்லை.

நான்காவது விடயமே எமது பார்வையில் முதன்மையானது. மக்கள் பணத்தில் தயாரிக்கப்பட்ட அறிக்கை மக்களிடம் திரும்பி வர வேண்டும். இதற்கு முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பிரகாரம், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் 30 நாட்களுக்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்துகள் பெறப்படுகின்றன. ஓர் அணைக்கட்டின் அறிக்கைக்குப் பொருந்தும் இந்த நெறி, ஒரு மலைச்சரிவின் அறிக்கைக்கும் ஒரு குடியிருப்புத் திட்டத்தின் அறிக்கைக்கும் ஏன் பொருந்தக்கூடாது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெறலாம் என்பது சரியான பதிலாகாது. தன் தலைக்கு மேலுள்ள மலை சரியுமா என்பதை அறிய ஒரு தாய் விண்ணப்பம் எழுத வேண்டுமா?

அந்த அறிக்கை ஆங்கிலத்தில் மாத்திரம் வந்தாலும் பயனில்லை. அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. அறிக்கையின் சாரமாவது சிங்களத்திலும் தமிழிலும் எளிய நடையில் எழுதப்பட்டு, உரிய பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் தோட்டத்து மக்கள் கூடும் இடங்களிலும் வைக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவு ஒப்பந்தத் தொகையிலேயே சேர்க்கப்பட வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்கப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடை 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தாலேயே நீங்கியது. மஸ்கெலியா பிரதேச சபை போன்ற புதிய சபைகளிடம் நிபுணர்களை அமர்த்தும் வசதி கிடையாது. கொழும்பில் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கப்பட்ட அறிவு அவற்றின் கைக்கு எட்டினாலே அவை வடிகாலையும் பாதையையும் சரியான இடத்தில் அமைக்கும்.

இறுதியாக, அறிக்கை கிடைத்து ஆறு மாதங்களுக்குள் உரிய அமைச்சு தனது பதிலைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். எந்தப் பரிந்துரையை ஏற்கிறோம், எதை நிராகரிக்கிறோம், ஏன், யார், எப்போது நிறைவேற்றுவார் என்பன அதில் இருக்க வேண்டும். நிராகரிக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. மௌனமாக இருக்கும் உரிமை கிடையாது. 2011ஆம் ஆண்டில் இப்படியொரு கடமை இருந்திருந்தால், மீரியபெத்தையின் பெயர் 2014 வரை பாராளுமன்றப் பதிவேட்டில் ஒவ்வோராண்டும் எழுந்து நின்றிருக்கும்.

பொதுப்பணம் ஓர் அமானிதம். அதைக் கையில் வைத்திருப்பவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். மலையகத் தமிழ்க் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் அமைச்சுப் பதவிகளைப் பற்றிப் பேசுவதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பகுதியைப் பெறுகைச் சட்டத்தின் வாசகங்களைப் படிப்பதற்குச் செலவிட வேண்டும். கோப், கோபா குழுக்களில் அமரும் எமது உறுப்பினர்கள் ஆலோசனைக் கட்டணங்களின் பட்டியலையும், அந்த ஆலோசனைகளுக்கு நேர்ந்த கதியையும் கேட்டுப் பெற வேண்டும்.

நல்லதண்ணி மலைகளில் ஊறும் நீர் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, லக்ஷபான மின்நிலையங்களைச் சுழற்றி, களனி கங்கையாக ஓடி அம்பத்தலையில் கொழும்பின் குடிநீராகிறது. மலையிலிருந்து தலைநகருக்குச் செல்வது தடையின்றிச் சென்றுகொண்டிருக்கிறது. தலைநகரில் மக்கள் பணத்தில் எழுதப்படும் அறிக்கைகள் அதே மலைக்கு ஏறி வருவதற்கும் ஒரு பாதை வேண்டும். அடுத்த பெருமழைக்கு முன்னர் அப்பாதை திறக்கப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.